பழைய லா ஸ்காலா ஹார்ன் ஸ்பீக்கர்: வீட்டில் கேட்கத் தோதாக மாற்றுவது எப்படி

கிளிப்ஷ் லா ஸ்காலா ஜோடி ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அல்லது யாரோ விற்கிறார்கள், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டால் குரல் கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் அரை மணி நேரத்தில் காது களைத்துப்போகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும், எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஐம்பது வருஷம் ஓடிய ஸ்பீக்கரில் ‘அப்கிரேட்’ என்று பேசப்படுவதில் பாதிக்கு மேல் வெறும் ரிப்பேர்தான். கசியும் காற்றை அடைப்பது, துருவைத் துடைப்பது, செத்துப்போன கப்பாசிட்டரை மாற்றுவது. இதையெல்லாம் முடிக்காமல் விலையுயர்ந்த ட்வீட்டரையும் (உயர் சுரங்களுக்கான யூனிட்) மரக்கூம்பையும் (ஹார்ன்) தேடிப் போகிறவர்கள்தான் காசைக் கரைக்கிறார்கள்.

லா ஸ்காலா எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரியும். பால் கிளிப்ஷ் 1946-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் அறையின் மூலைச் சுவர்களையே கூம்பின் நீட்சியாகப் பயன்படுத்துவது, மூலையை விட்டு நகர்த்த முடியாது. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற மாதிரி 1963-ல் வந்ததுதான் லா ஸ்காலா. வின்த்ரொப் ராக்ஃபெல்லர் ஆர்கன்சா ஆளுநர் தேர்தலுக்கு நின்றபோது பிரசாரக் கூட்டங்களுக்கு இதைத்தான் கொண்டுபோனார்கள். அதாவது இது பிறந்ததே கூட்டத்துக்கு நடுவே கேட்கவேண்டும் என்பதற்காக. வரவேற்பறை சோபா யார் மனதிலும் இருந்திருக்காது, நாம் செய்யப்போவது அந்த இடைவெளியைக் குறைக்கிற வேலை.

பெட்டிக்குள் மூன்று கூம்புகள். கீழே கீழ் சுரங்களுக்கான 15 அங்குல வூஃபர் (கே-33-ஈ), மடித்த மரக்கூம்பு வழியாகப் பேசுகிறது. மேலே கே-400 என்ற நீளமான உலோகக் கூம்பு, அதன் பின்னால் கே-55-வி என்ற கம்ப்ரெஷன் டிரைவர், அதாவது கூம்புக்குள் ஒலியை எழுப்பும் யூனிட். பக்கத்தில் குட்டி ட்வீட்டர், கே-77. 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வூஃபர், 6000-க்கு மேலே ட்வீட்டர், நடுவில் உள்ள அத்தனையும் அந்த உலோகக் கூம்பின் தலையில். மனிதக் குரலைத் தெளிவாக்கும் பகுதி பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. கே-55-வியைச் செய்து கொடுத்தது பொதுக்கூட்ட ஒலிபெருக்கிகள் செய்யும் அட்லஸ் நிறுவனம். நம்மூர் கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் பின்னால் உருண்டையாக ஒரு யூனிட் திருகியிருக்குமே, அதே இனம்தான். அந்தக் குழாயின் காது கிழிக்கும் சத்தம் நினைவுக்கு வந்தால், நடுக்கூம்பை ஏன் இவ்வளவு கவனிக்கச் சொல்கிறேன் என்று புரியும்.

ஆரம்பிக்கும் முன்

தேவையான சாமான்கள்: மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், நல்ல திருப்புளி, கப்பாசிட்டர் அளக்கும் எல்சிஆர் மீட்டர் (இரவல் கிடைத்தாலும் சரி), ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ரப்பர் கையுறை, ஒட்டும் ஃபோம் பட்டை, கார் கதவில் அதிர்வு அடக்க ஒட்டுவார்களே அந்த ப்யூட்டில் ஷீட். ஒரு யுஎஸ்பி மைக்கும் அறையில் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் வேலை சுலபம். மென்பொருள் இலவசம்.

ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். எந்த ஒயர் எந்த முனையில் என்பது தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மங்கலான ஒரு போட்டோ போதாது. ஒவ்வொரு முனையும் தனித்தனியாக, எண்கள் படிக்கும்படி. பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் சீட்டையும் எடுத்துவையுங்கள்.

அப்புறம் ஒரு விதி, இதை மட்டும் மீறாதீர்கள்: இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோனோவில் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் நீங்கள் செய்த வேலை நன்மையா தீமையா என்று அப்போதே தெரியும். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு நினைவில் இருக்கும் ஒலியோடு ஒப்பிட்டால், செலவழித்த காசு தான் பேசும், காது பேசாது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது

டிரைவர்களின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். வூஃபர் மூன்றரையை ஒட்டி, நடு டிரைவர் பத்து பதினொன்று, ட்வீட்டர் ஆறை ஒட்டி வரும். துல்லியமான எண்ணை விட, இடது வலது இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே உள்ள கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ட்வீட்டர்தான் போயிருக்கும், எலெக்ட்ரோ-வாய்ஸ் டி35 என்ற பழைய மாடலும் இதுவும் ஒன்று என்பதால் அதன் டயஃப்ரம் (அதிரும் சவ்வு) தேடுவது கஷ்டமில்லை.

வூஃபரைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி இருக்கும். ஃபோம் இல்லை, அதனால் மற்ற பழைய ஸ்பீக்கர்களைப் போல உதிர்ந்து கொட்டாது. சந்தோஷமான விஷயம். ஆனால் அந்த வூஃபரைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பலகைக் கதவைக் கழற்ற வேண்டும். ஒரு பெட்டி 50 கிலோவுக்கு மேல், தனியாகக் கவிழ்க்க வேண்டாம், முதுகு போய்விடும். கீழே பழைய மெத்தையோ கம்பளமோ விரித்து இரண்டு பேராகச் செய்யுங்கள்.

கதவைத் திறந்ததும் அதன் விளிம்பில் உள்ள ஃபோம் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். அநேகமாகப் பொடியாக விரலில் ஒட்டும், அல்லது தட்டையாகிக் கல்லாகியிருக்கும். இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. வூஃபருக்குப் பின்னால் உள்ள அறை காற்றுப்புகாமல் மூடியிருக்க வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே உண்டு, உள்ளே அடைபட்ட காற்றின் விறைப்பும் முன்னால் கூம்பின் தொண்டையில் உள்ள காற்றின் சுமையும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். கதவு கசிந்தால் அந்தக் கணக்கு குலைந்து, கீழ் சுரங்கள் தொளதொளவென்று ஆகிவிடும். பழையதைச் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, காற்று ஊடுருவாத க்ளோஸ்ட்-செல் ஃபோம் பட்டையை மூலைகளில் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். மிகச் சில நூறு ரூபாய் செலவில் கிடைக்கும் பாஸ் இது. ப்ளைவுட்டில் பல திருகுத் துளைகள் லூசாகியிருக்கும், தீக்குச்சியில் மரப்பசை தடவி உள்ளே திணித்து, காய்ந்தபின் முடுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

கதவு திறந்திருக்கும்போதே ஒரு சோதனை. வூஃபர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் கூம்புத்தாள் நகரும். காந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதால், பிளஸ் பிளஸ்ஸில் படும்போது அது உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். யாரோ முன்பு கழற்றி மாற்றி மாட்டியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ட்வீட்டருக்கு பேட்டரி வைக்காதீர்கள்.

கப்பாசிட்டர்

70களில் வந்த பெட்டிகளில் ஏஏ என்ற வகை க்ராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து மூன்று டிரைவருக்கும் அனுப்பும் சுற்று) இருக்கும், மரப்பலகை ஒன்றில் டப்பா டப்பாவாகக் கப்பாசிட்டர்கள், ஒரு பெரிய காயில், நடுக்கூம்பின் சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க ஒரு ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மர். நடுக்கூம்புக்கு 13 மைக்ரோஃபாரட் ஒன்று, ட்வீட்டர் பக்கம் 2 மைக்ரோஃபாரட் இரண்டு, அவற்றுக்கிடையே ஒரு சின்னக் காயில், வூஃபருக்கு 2.5 மில்லிஹென்றி காயில். இவ்வளவுதான்.

அந்த உலோக டப்பாக்களுக்குள் எண்ணெய் இருக்கும். 1979-க்கு முன் அமெரிக்காவில் செய்த எண்ணெய்க் கப்பாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு இருக்க வாய்ப்புண்டு, அந்த வருஷம்தான் அங்கே அதன் தயாரிப்பைத் தடை செய்தார்கள். டப்பாவில் ‘நோ பிசிபி’ என்று எழுதியிருந்தால் கவலையில்லை. எழுதவில்லை என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டப்பாவைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது, அடியில் பிசுபிசுப்பு தெரிந்தால் பையில் போட்டு முடிந்து, ஊரில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் வைத்து இந்த வேலையைச் செய்யவும் வேண்டாம்.

புதிதாக என்ன போடுவது? சாதாரண பாலிப்ரொப்பிலீன் ஃபில்ம் கப்பாசிட்டர், அல்லது மின்மோட்டாருக்குப் போடும் மோட்டார்-ரன் வகை. அளவு பழையதற்குச் சமமாக, இரண்டு பக்கமும் மீட்டரில் ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுங்கள். வெள்ளி, எண்ணெய், தேன்மெழுகு என்று விளம்பரம் செய்து பத்து மடங்கு விலையில் விற்பதை வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழையவற்றின் உள்தடை வயசானதால் ஏறிப்போய் மேல் சுரங்கள் மங்கியிருக்கும், ஆரோக்கியமான எந்தக் கப்பாசிட்டரும் அதைத் திருப்பித் தந்துவிடும். மாற்றியவுடன் ட்வீட்டர் பளிச்சென்று கேட்டால் திடுக்கிட வேண்டாம், அது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது, நடுவில்தான் தூங்கிவிட்டது.

ட்வீட்டர் முனையில் எதிரெதிராக இரண்டு ஜீனர் டயோடுகள் இருக்கலாம். அவை ட்வீட்டரைக் காப்பாற்ற வைத்தவை. எடுத்துவிட்டால் ஒலி தெளிவாகும் என்பார்கள், வீட்டில் கேட்கும் அளவில் அவை விழிப்பதே அபூர்வம். வீட்டில் பார்ட்டி நடக்கும், வேறு யாராவது வால்யூமைத் திருகுவார்கள் என்றால் இருக்கட்டும்.

முனைகளில் உள்ள திருகுகளையும் பழைய ஒயர் வளையங்களையும் மெல்லிய எமரித்தாளால் தேய்த்து ஆல்கஹாலால் துடையுங்கள். போட்டோவைப் பார்த்து அதே இடத்தில் மாட்டுங்கள்.

நடுக்கூம்பு: இங்கேதான் வேலை இருக்கிறது

கே-400 கூம்பை வெளியே எடுத்துக் கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி கணீரென்று இழுக்கும். வெளிப்பக்கம் முழுக்க ப்யூட்டில் ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி அழுத்தி ஒட்டிவிட்டு மறுபடி தட்டினால் ‘டொக்’ என்று நின்றுவிடும். ஜன்னல் சந்தில் அடைக்கும் கயிறு மாதிரியான பட்டியும் வேலைக்காகும். உள்பக்கம் எதுவும் ஒட்டக்கூடாது, வண்ணமும் பூசக்கூடாது, கூம்பின் உள்வளைவுதான் அதன் உயிர். டிரைவரைத் திருகி மாட்டும் தொண்டையில் உள்ள வளையம் நைந்திருந்தால் புதிதாக ரப்பர் வாஷர் போடுங்கள், கையால் முடுக்கினால் போதும், ரென்ச் தேவையில்லை.

வித்தியாசம் பெரிதா? பெட்டிக்குள் இருக்கும்போது அது முழுசாக மணி அடிக்காது, அதனால் அளவீட்டில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். ஆனால் நாகஸ்வரம் போட்டுப் பாருங்கள். ஓங்கிய பிடியில் சீவாளியின் நரநரப்புக்கு மேல் உலோகம் மாதிரி ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வருமே, அது குறைந்திருக்கும். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

அடுத்தது அளவைக் குறைப்பது, காது களைப்புக்கு நேரான மருந்து. மடித்த மரக்கூம்பு 50 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே கையை விரித்துவிடுகிறது, நடுக்கூம்போ தாராளமாகக் கொட்டுகிறது, அதனால் தான் எல்லாம் முன்னால் வந்து நிற்பது போலக் கேட்கிறது. க்ராஸ்ஓவரில் டி2ஏ என்ற ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள், 0 முதல் 5 வரை எண்ணிட்ட முனைகள், ஒவ்வொரு படியும் 3 டெசிபெல். நடு டிரைவருக்குப் போகும் ஒயர் பெரும்பாலும் 4-ல் இருக்கும். அதை 3-க்கு மாற்றினால் இன்னொரு 3 டெசிபெல் இறங்கும். ஒரு திருகைக் கழற்றி மாட்டுகிற வேலை, அவ்வளவுதான்.

ஆனால் அதோடு நிறுத்தினால் கணக்கு தப்பும். 4-லிருந்து 3-க்கு இறக்கும்போது, டிரைவரின் தடை 13 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டருக்கு இரண்டு மடங்காகத் தெரியும். தடை இரட்டித்தால் வெட்டும் இடம் பாதியாகும், 400 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்க வேண்டிய நடுக்கூம்பு 200-ஐ ஒட்டியே தொடங்கிவிடும், வூஃபரோடு மேலே விழுந்து குரலின் அடிப்பகுதி கனத்துக் குழம்பும். ஆகவே அந்தக் கப்பாசிட்டரையும் பாதியாக, 6.5 அல்லது கடையில் சுலபமாகக் கிடைக்கும் 6.8 மைக்ரோஃபாரட்டாக மாற்ற வேண்டும். புதிதாகக் கப்பாசிட்டர் வாங்கும்போதே ஒரு பெட்டிக்கு 6.8 இரண்டு வாங்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் 6.8, இரண்டையும் இணையாகக் கட்டினால் 13.6, பழைய நிலைக்கும் திரும்பலாம்.

சிலருக்கு 4-தான் பிடிக்கும், அதில் தப்பில்லை. கம்பளமும் திரைச்சீலையும் புத்தக அலமாரியுமாக இருக்கும் அறையில் 4 சரியாக இருக்கும், டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் 3-க்குப் போங்கள்.

ட்வீட்டர்

பழைய பெட்டிகளில் கே-77 முகப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து மாட்டப்பட்டிருக்கும். அதாவது ஒலி வெளியே வரும் முன் முக்கால் அங்குலப் பலகையின் விளிம்பைத் தாண்டிவர வேண்டும், அந்த விளிம்பில் பட்டு உயர் சுரங்கள் சிதறும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, முகம் பலகையோடு சமமாக வரும்படி முன்னால் கொண்டுவந்து இசட் வடிவ பிராக்கெட்டில் பிடிக்கலாம். சிறு வேலை, தாளத்தட்டின் நுனி சுத்தமாகும். ஆனால் பெட்டியை அறுக்கிற வேலை என்பதால் கடைசியில் செய்யுங்கள், அல்லது விற்கும் எண்ணம் இருந்தால் செய்யாதீர்கள்.

பக்கப் பலகைகள்

வூஃபர் கூம்பின் இரு பக்கச் சுவர்களும் முக்கால் அங்குல ப்ளைவுட், நீளமாக, பிடிமானமின்றி நிற்கின்றன. கை வைத்துக்கொண்டு 80-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை சைன் அலையை (ஒற்றைச் சுரச் சோதனை ஒலி) மெதுவாக ஏற்றினால் ஓரிடத்தில் பலகை உள்ளங்கையைக் கூசச் செய்யும். இசையில் கேட்க வேண்டுமென்றால் மிருதங்கத் தனியாவர்த்தனம் போடுங்கள். தொப்பியில் கும்கி வழுக்கிக்கொண்டு ஏறும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் பெருத்து, பின் சுருங்கினால் பலகை கூடச் சேர்ந்து பாடுகிறது என்று பொருள். பின்னாளில் வந்த லா ஸ்காலா 2-ல் நிறுவனமே அந்தப் பலகையை ஓர் அங்குலமாகத் தடிப்பாக்கியது.

நாம் செய்யக்கூடியது: கூம்பு வாயின் நடு உயரத்தில், பக்கச் சுவருக்கும் நடுவில் நிற்கும் வூஃபர் அறைக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டை. தட்டையாக, படுக்கையாக, முன்விளிம்பை உருட்டி. அகலமாகப் போட்டுக் காற்றின் வழியை அடைக்காதீர்கள். இறுக்கமாகப் பொருந்தும்படி அறுத்து மரப்பசையில் உட்காரவைத்தால் திருகே வேண்டாம். அதற்கும் மனசில்லை என்றால் வெளிப்பக்கத்தில் இன்னொரு ப்ளைவுட் பலகையைத் திருகலாம், அழகு போகும், ஆனால் கழற்றிவிடலாம்.

வைப்பதும் ஓட்டுவதும்

மூலைக்கு நெருக்கமாகத் தள்ளுங்கள், பாஸ் ஏறும். உள்நோக்கித் திருப்பி, இரண்டின் அச்சும் உங்கள் தலைக்குச் சற்று முன்னால் வெட்டும்படி வைத்தால், நீங்கள் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தாலும் பாடகர் நடுவிலேயே இருப்பார். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். சினிமா பார்க்கும் வீடென்றால் சப்வூஃபர் ஒன்றை 70, 80-ல் சேர்த்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 104 டெசிபெல் அளவில் கொடுக்கும் பெட்டி இது. ஆகவே 200 வாட் ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லை, மூன்று வாட் வால்வ் ஆம்ப்ளிஃபயரே அறையை நிரப்பும். பிரச்சினை வேறு இடத்தில்: மற்ற ஸ்பீக்கரில் கேட்காத ‘இஸ்ஸ்’ இரைச்சலும் ‘ஹம்’ ஒலியும் இதில் அப்பட்டமாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகும்போது முடிந்தால் ஸ்பீக்கரை மாட்டி, பாட்டே போடாமல் கேட்டுப் பாருங்கள். ஆன் செய்யும்போது ‘டம்’ என்று உதைக்கும் ஆம்ப்ளிஃபயரை இதில் மாட்டாதீர்கள், அந்த உதை பெரும்பாலும் வூஃபரில்தான் விழும்.

இவ்வளவும் முடித்து ஒரு மாசம் கேட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் பெரிய மரக்கூம்பு, வேறு ட்வீட்டர், மூன்று ஆம்ப்ளிஃபயரோடு டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலில் பிரித்துச் சரிசெய்யும் கருவி) என்று போகலாம். டிஎஸ்பியில் ஒரு நிஜமான லாபம் உண்டு: ட்வீட்டர் முகப்பில் உட்கார்ந்திருக்கிறது, நடு டிரைவர் கூம்பின் நீளத்துக்குப் பின்னால், வூஃபரின் ஒலியோ மடிப்பெல்லாம் சுற்றி வருகிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும், ஆகவே மூன்றும் ஒரே நேரத்தில் காதுக்கு வருவதில்லை. தாமதத்தைக் கொடுத்து அதைச் சரிசெய்வது கப்பாசிட்டர் க்ராஸ்ஓவரால் முடியாத காரியம்.

கழற்றிய ட்வீட்டர், ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மர், திருகு எதையும் தூக்கி எறியாதீர்கள். எண்ணெய்க் கப்பாசிட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடது வலது என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டிக்குப் பின்னாலேயே வையுங்கள், வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.